தந்தையின் குடியும் மைந்தனின் சரீரமும்

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டாரின் நிலபுலன், உத்தியோகம், உறவுமுறை எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிற நம் ஊர்ப் பெரியவர்கள், யாவும் திருப்திகரமாக இருந்தபோதிலும், எழுந்திருக்கும் சமயத்தில் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "தகப்பனார் தண்ணி போடுகிறவராமே, வாஸ்தவமா?" என்று ஒரு கேள்வியைப் போடாமல் விடுவதில்லை. பையன் ஒரு சொட்டும் தொட்டறியாதவன் என்று நாலு பேர் சாட்சி சொன்னாலும் அந்தக் கேள்வி எழத்தான் செய்கிறது. அப்பனிடம் இருந்தது என்றைக்காவது பிள்ளையிடமும் தலைகாட்டும் என்ற அச்சம், மது புழங்குகிற தேசங்களிலெல்லாம் ஏதேனும் ஒரு ரூபத்தில் இருந்து வந்திருக்கிறது. கணக்கெடுத்துப் பார்த்த வைத்தியர்களும் அந்த அச்சத்தை முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவில்லை. மதுவுக்கு அடிமைப்பட்டவர்களின் பிள்ளைகள் அதே நிலைக்கு உள்ளாகும் சாத்தியம், ஏனையோரின் பிள்ளைகளுக்கு இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு என்பதைப் பல தேசத்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் இதிலிருந்து என்ன கொள்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. குடிப்பவனுடைய மகன் தகப்பனின் இரத்தத்தை மட்டுமா பெறுகிறான்? அந்தத் தகப்பனின் வீட்டையும், அவ்வீட்டில் அந்திதோறும் நிகழும் கூச்சலையும், அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் குப்பியையும், துயரம் வந்தால் அதை மறக்க ஒரு வழி உண்டு என்ற பாடத்தையும் சேர்த்தே பெறுகிறான். பரம்பரை என்று சொல்பவனுக்கும் பழக்கம் என்று சொல்பவனுக்கும் ஒரே குடும்பமே சாட்சியாக நிற்கிறபடியால், அவ்விருவருடைய வழக்கையும் அந்தச் சாட்சியைக் கொண்டு தீர்ப்பதற்கில்லை. வழக்குத் தீரவேண்டுமானால், இரத்தம் ஓரிடத்திலும் வீடு மற்றோரிடத்திலுமாகப் பிரிந்துபோன மனிதர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும்; பிறந்தவுடனே பெற்றோரை விட்டு அந்நியர் வீட்டுக்குச் சுவீகாரம் போன குழந்தைகளே அத்தகையவர்கள்.

அமெரிக்காவில் ஆன் ரோ என்ற மனோதத்துவ அறிஞர் 1944-லேயே இந்த வழியில் இறங்கிப் பார்த்தார். குடிகாரர்களுக்குப் பிறந்து வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஆகவே எல்லாம் வளர்ப்பின் விளைவே என்ற அபிப்பிராயம் நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது. அவர் பரிசீலித்தவர்கள் மிகச் சிலர் என்பதும், 'குடிகாரன்' என்பதற்குத் திட்டமான இலக்கணம் அந்நாளில் இல்லை என்பதும் பின்னரே உறுத்தத் தொடங்கின.

டொனால்டு குட்வின் என்ற அமெரிக்க மனநோய் மருத்துவர், டென்மார்க் தேசத்து நிபுணர்களுடன் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 1973-ல் வெளிவந்தது. டென்மார்க்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜனத்தொகை குறைவாகவும், மக்கள் அதிகமாக இடம் பெயராதவர்களாகவும், பிறப்பு, சுவீகாரம், ஆஸ்பத்திரி அநுமதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான பதிவேடு உடையதாகவும் அத்தேசம் இருந்தது. ஒருவன் எவருக்குப் பிறந்தான், எவரிடம் வளர்ந்தான், இப்போது எங்கே வசிக்கிறான் என்பதை அலைச்சலின்றி அறிந்துகொள்ளலாம். குடிநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பெற்றோருக்கு, பெரும்பாலும் தந்தையர்க்கு, பிறந்து, பிறந்த ஆறு வாரங்களுக்குள் பிரிக்கப்பட்டு, உறவினரல்லாதார் வீட்டில் வளர்ந்து, பெற்றவர்களின் முகத்தையே அறியாமல் ஆளான 55 ஆண்களையும், அவ்வாறே சுவீகாரம் போயும் பெற்றோரிடம் அத்தகைய வரலாறு இல்லாத 78 ஆண்களையும் குட்வின் ஒப்பிட்டார். எவன் எந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்பது தெரியாத ஒரு டாக்டரே அவர்களைக் கண்டு பேசி, குறிப்பெடுத்தார். முப்பது வயதை ஒட்டிய அம்மனிதர்களில், முதல் வகுப்பாரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரும், இரண்டாம் வகுப்பாரில் நூற்றுக்கு ஐந்து பேரும் மதுவுக்கு அடிமைப்பட்டிருந்தனர்.

மறு ஆண்டு அவர் வெளியிட்ட இன்னொரு முடிவு இதைக் காட்டிலும் வியப்பைத் தந்தது. சுவீகாரம் போன அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு, பெற்ற தந்தையுடனேயே இருந்து, அவர் குடித்துச் சீரழிந்ததைக் கண்ணால் கண்டு வளர்ந்த சகோதரர்கள் இருந்தார்கள். அச்சகோதரர்களின் கதி மேலும் மோசமாக இருந்திருக்கவேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் இரு சாராருக்கும் இடையே கணக்கு முறைப்படி பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் புலப்படவில்லை.

இவ்விடத்தில் அவசரப்பட்டு 'எல்லாம் விதி' என்று ஏட்டை மூடிவிடக்கூடாது. நூற்றுக்குப் பதினெட்டு என்று சதவிகிதமாகச் சொல்லும்போது பெரிதாகத் தோன்றுவது, தலைகளை எண்ணும்போது பத்தே பேர்தான்; ஒப்பிட நின்ற வகுப்பில் நால்வர். குடிகாரத் தந்தைக்குப் பிறந்தவர்களில் எண்பத்திரண்டு சதவிகிதத்தினர் அந்நிலைக்கு வரவில்லை என்பதும் அதே ஏட்டில்தான் எழுதியிருக்கிறது. மேலும், சுவீகாரத்துக்குக் குழந்தை கொடுக்கும் அதிகாரிகள் எப்போதும் ஒழுங்கான வீடாகப் பார்த்தே கொடுக்கிறபடியால், வீட்டின் கெடுதல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அளப்பதற்குச் சுவீகாரப் பிள்ளைகள் உகந்த சாட்சிகள் அல்லர். எனக்குத் தோன்றுகிறபடி, டென்மார்க் ஆராய்ச்சி நிலைநாட்டியது ஒன்றே ஒன்று: வளர்ப்பு மாறினாலும் மாறாத ஏதோ ஓர் அம்சம் பிறப்போடு வருகிறது. அது என்ன, எவ்வளவு என்பதற்கு அதில் விடை இல்லை.

எவ்வளவு என்பதற்கு இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு விடை தேடினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் மரபுப்பொருள் முழுவதிலும் ஒத்திருப்பார்கள். இரு கருவிலிருந்து வந்த இரட்டையரோ சாதாரண உடன்பிறப்புகளைப்போலச் சராசரியில் பாதியளவே ஒத்திருப்பார்கள். வளரும் வீடு இரு சாராருக்கும் ஒன்றுதான். முன்னவரிடம் குடிநோயில் ஒற்றுமை எவ்வளவு மிகுதி என்று பார்த்தால் மரபின் பங்கை அளந்துவிடலாம் என்பது தர்க்கம். ஸ்வீடனில் லென்னார்ட் காய் 1960-ல் தொடங்கிவைத்த இவ்வழியில் பின்னர் பல தேசத்தார் புகுந்தனர். அவர்களுடைய முடிவுகளையும் சுவீகார ஆராய்ச்சிகளின் முடிவுகளையும் ஒன்றுதிரட்டி 2015-ல் கணக்கிட்டபோது, மரபின் பங்கு நூற்றுக்கு நாற்பத்தொன்பது என்று வந்தது. ஏறத்தாழச் சரிபாதி. இந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் இதைத் தவறாகவே பொருள் கொள்ளுகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை: ஒரு மனிதனுடைய குடியில் பாதி அவன் பாட்டன் தந்தது, மீதிப் பாதி கடைக்காரன் தந்தது என்பதன்று இதன் தாத்பரியம். ஒரு சமூகத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேற்றுமையில் எவ்வளவு பகுதி மரபணுக்களின் வேற்றுமையைத் தொடர்ந்து செல்கிறது என்பதையே அது குறிக்கும். சமூகம் மாறினால் எண்ணும் மாறும். மதுவே கிடைக்காத ஒரு தீவில் இந்தப் பங்கைக் கணக்கிட வழியே இராது.

இனி, பிறப்போடு வரும் அந்த அம்சம் யாது என்பதற்கு வருவோம். குடிக்கவேண்டும் என்ற தாகத்தையே பிள்ளை தந்தையிடமிருந்து பெறுகிறான் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ரசாயனமோ வேறொரு பக்கம் கைகாட்டிற்று.

உடலுக்குள் சென்ற சாராயம் பெரும்பாலும் கல்லீரலில் இரண்டு கட்டங்களில் மாற்றமடைகிறது. ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக்குகிறது. மற்றொரு நொதி அந்த நச்சைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. மேல்மதகு திறந்து, கீழ்மதகு அடைத்துக்கொண்டால் இடையிலுள்ள வாய்க்கால் கரை புரள்வதுபோல, முதல் நொதி சுறுசுறுப்பாகவும் இரண்டாவது மந்தமாகவும் இருந்துவிட்டால் நச்சு இரத்தத்தில் தேங்கிப்போகிறது. முகம் ஜிவ்வென்று சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை கனக்கும், குமட்டல் எடுக்கும். ஜப்பான், சீனம், கொரியா ஆகிய கீழ்த்திசை நாடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஜனங்களுக்கு இரண்டாம் நொதி பிறவியிலேயே இவ்வாறு பழுதுபட்டிருக்கிறது. நொதியை உண்டாக்கும் மரபணுவில் ஓர் எழுத்துத்தான் பிசகியிருக்கிறது; அதனால் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த அப்புரதச் சங்கிலியில் குளூட்டமிக் அமிலம் இருக்கவேண்டிய ஓர் இடத்தில் லைசின் வந்து அமர்ந்துவிடுகிறது. நான்கு துண்டுகள் கூடியே நொதி வேலை செய்வதால், தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதைப் பெற்றவனுக்கும் அதன் சக்தி பெரிதும் குன்றிவிடுகிறது. இருவரிடமிருந்தும் பெற்றவனுக்கு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

இயற்கை செய்த இக்காரியத்தை, அதன் இரகசியம் வெளிப்படுவதற்கு வெகு முன்பே, மனிதர் தற்செயலாகச் செய்துவிட்டிருந்தார்கள் என்பது விஞ்ஞான சரித்திரத்தில் சுவையான ஒரு பகுதி. கோபன்ஹேகன் நகரில் ஹால்டு, யாகோப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று டைசல்பிராம் என்ற பொருளைச் சோதித்து வந்தார்கள். மருந்தைத் தாமே விழுங்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். விழுங்கிய பின் விருந்தில் கொஞ்சம் மது அருந்த நேர்ந்தபோது முகம் சிவந்து, நெஞ்சு துடித்து, படாதபாடு பட்டார்கள். புழுவுக்காகத் தேடிய மருந்து குடியை நிறுத்தும் மருந்தாக 1948-ல் உலகுக்கு அறிமுகமாயிற்று. மேற்சொன்ன இரண்டாம் நொதியைத் தடுத்து நிறுத்துவதே அதன் தொழில். நம் நாட்டுக் குடிநோய் வைத்தியசாலைகளிலும் அது இன்றளவும் வழங்கி வருகிறது. டாக்டரின் கண்காணிப்பில், நோயாளியின் முழுச் சம்மதத்தோடு தரவேண்டிய இம்மருந்தை வீட்டார் சோற்றிலும் காப்பியிலும் கலந்துவிடும் விபரீதமும் ஆங்காங்கே நடக்கிறது. உயிருக்கே ஆபத்தாய் முடியக்கூடிய காரியம் அது.

பிறவியிலேயே இம்மருந்து உள்ளவனைப்போலிருக்கும் ஒருவன் குடிநோயாளியாவது எளிதா? 1982-ல் ஜப்பானில் எண்ணிப் பார்த்தபோது, பொதுஜனங்களில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேருக்கு இப்பழுது இருக்க, குடிநோயாளிகளிலோ நூற்றுக்கு இரண்டே பேருக்கு இருந்தது. குடிநோயின் மரபைப் பற்றி இதுவரை மனிதர் அறிந்தவற்றுள் இதற்கு நிகரான தெளிவுள்ள உண்மை வேறொன்று இல்லை என்பேன். கவனிக்கவேண்டியது, இது குடிக்கத் தூண்டும் மரபணு அன்று. குடிக்க விடாத மரபணு. ஜப்பானியக் குடிகாரன் தன் தகப்பனிடமிருந்து எதையோ பெற்றதனால் குடிகாரனாகவில்லை. அண்டை வீட்டானுக்குக் கிடைத்த ஒரு தடை தனக்குக் கிடைக்காமற்போனதனால் ஆகியிருக்கிறான். நம் பாரத தேசத்தாரிடம் அந்தத் தடை மிக மிக அபூர்வம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இந்தத் தடை இரும்புச் சுவர்போல் அசையாதது என்றால் விஷயம் இத்துடன் முடிந்திருக்கும். ஹிகுச்சி என்ற ஜப்பானிய மருத்துவரும் அவரைச் சேர்ந்தவர்களும், வெவ்வேறு ஆண்டுகளில் சிகிச்சைக்கு வந்த ஜப்பானியக் குடிநோயாளிகளின் மரபணுவைச் சோதித்து, 1994-ல் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பழுதைப் பெற்றவர்கள், 1979-ஆம் ஆண்டு நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டரைப் பேர். 1986-ல் எட்டுப் பேர். 1992-ல் பதின்மூன்று பேர். பதின்மூன்றே ஆண்டுகளில் ஒரு ஜாதியாரின் மரபணு மாறிவிடுமா? ஒருபோதும் மாறாது. மாறியது ஜப்பான். செல்வம் பெருகிற்று; அலுவலகம் முடிந்தபின் மேலதிகாரியுடன் மதுக்கடைக்குச் செல்வது உத்தியோகத்தின் ஓர் அங்கமாயிற்று; மேலதிகாரி ஊற்றிய கோப்பையை மறுப்பது மரியாதைக் குறைவாயிற்று. முகம் சிவந்தவனும், குமட்டல் எடுத்தவனும், பல்லைக் கடித்துக்கொண்டு குடித்துப் பழகி, கடைசியில் சரீரம் விடுத்த எச்சரிக்கையையும் தாண்டிப்போனார்கள். இவர்கள் அதற்குக் கொடுக்கும் விலை மற்றவர்களைவிட அதிகம். தேங்கும் அந்த நச்சுப் பொருளினால் உணவுக்குழாயில் புற்று உண்டாகும் அபாயம் இவர்களுக்குப் பன்மடங்கு. இருவரிடமிருந்தும் பழுதைப் பெற்றவர்களோ, மூன்று காலத்திலும், அந்நோயாளிகளில் ஒருவர்கூட இல்லை. ஆக, ஒரே மரபணுவின் முழுத்தடையைச் சமூகத்தால் அசைக்கமுடியவில்லை; அரைத்தடையை அசைக்க முடிந்தது. பரம்பரையா, பழக்கமா என்று வாதிக்கிறவர்களுக்கு இந்த மூன்று எண்களைக் காட்டினால் போதும் என்று எனக்குப் படுகிறது.

தடை இல்லாத தேசங்களில் கதை எப்படி? அங்கும் இதே தத்துவம் வேறு வேஷத்தில் வருகிறது. மார்க் ஷக்கிட் என்ற அமெரிக்க மருத்துவர், கலிபோர்னியாவில் சான்டியாகோ நகரில், 1978 முதற்கொண்டு இருபது வயதையொட்டிய 453 இளைஞர்களைச் சோதித்தார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குடிநோயாளியான தந்தையின் புதல்வர்கள். எவரும் அப்போது நோயாளி அல்லர். அளவாக மதுவைக் கொடுத்து, எவ்வளவு போதை தோன்றுகிறது என்று கேட்டார். நிற்கும்போது உடல் எவ்வளவு ஆடுகிறது என்று கருவியால் அளந்தார். குடிகாரனின் மகனுக்குப் போதை சீக்கிரம் ஏறும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். இரத்தத்தில் ஒரே அளவு மது இருந்தும், அப்புதல்வர்களில் பலருக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே உறைத்தது. பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிச்சென்று பார்த்தபோது, குடிநோயாளியின் புதல்வர்களுள் அன்று மிகக் குறைவாக உறைத்தவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தாறு பேர் நோய்க்கு ஆளாகியிருந்தனர். அதே புதல்வர்களுள் நன்றாக உறைத்தவர்களில் பதினான்கு பேர்.

நம் ஊர்த் திண்ணைகளில் ஒருவனைப் பற்றி மெச்சிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம்: "எத்தனை உள்ளே போனாலும் ஆள் அசையமாட்டான், வீட்டுக்கு நேராக நடந்து போவான்" என்று. அவனும் அதை ஒரு கீர்த்தியாகவே பாவித்து, தள்ளாடுகிற நண்பனைப் பார்த்து நகைப்பான். விஞ்ஞானத்தின் கண்ணுக்கு நிலைமை நேர் தலைகீழ். இரண்டு கோப்பையில் தலை சுற்றிச் சுருண்டு படுப்பவனுக்கு அவன் மூளையே 'போதும்' என்று சொல்லிவிடுகிறது. அசையாதவனுக்குச் சொல்ல ஆளில்லை. சகபாடிகளுக்குச் சமமாகப் போதை பெற அவன் அதிகம் குடிக்கவேண்டும். அதிகம் குடிக்கக் குடிக்க உடல் அதற்கு இணங்கிப்போய் மேலும் அதிகம் கேட்கும். அவனுக்கு வாய்க்கும் சிநேகிதர்களும் அவனைப்போல் குடிக்கக்கூடியவர்களாகவே அமைவார்கள். தந்தையிடமிருந்து தாகம் வரவில்லை, வரவேண்டிய எச்சரிக்கை வராமற்போயிற்று என்று ஜப்பானைப் பற்றிச் சொன்னது இங்கும் பெரும்பாலும் பொருந்துகிறது.

பெரும்பாலும் என்றுதான் சொல்லவேண்டும். ஏனெனில் எல்லாக் குடிநோயும் இவ்வழியே வருவதில்லை. சுபாவத்தின் வழியே வருவதும் உண்டு. ஸ்வீடனில் கிளானிங்கரும் போமனும் 1981-ல் வெளியிட்ட பெரிய சுவீகார ஆராய்ச்சியில், முரட்டுத்தனமும் முன்பின் யோசியாத துணிவும் கூடிய, இளமையிலேயே தொடங்கி, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒரு வகையையும், வயது வந்தபின் மெல்ல மெல்லத் தொடங்கி, சூழ்நிலையின் உதவியின்றி வேர் பிடிக்காத மற்றொரு வகையையும் பிரித்துக் காட்டினார்கள். மனிதர்கள் இவ்வளவு சுத்தமாக இரண்டு கூடைகளில் விழுவதில்லை என்று பின்வந்தோர் ஆட்சேபித்தது நியாயமே.

'குடிகார மரபணு' என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு முறை பத்திரிகைகள் அமர்க்களப்பட்டதும் உண்டு. 1990-ஆம் ஆண்டு ஏப்ரலில், மூளையின் டோபமீன் ஏற்பியைச் சேர்ந்த ஒரு மரபணு வேறுபாடு, இறந்துபோன குடிநோயாளிகள் முப்பத்தைந்து பேரின் மூளைகளில் மிகுதியாகக் காணப்பட்டதென்று பிளம், நோபிள் ஆகியோர் அறிவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பருக்குள் வேறொரு குழுவினர் பரிசோதித்து, அவ்விதச் சம்பந்தம் தங்களுக்குத் தென்படவில்லை என்று எழுதிவிட்டார்கள். இன்று லட்சக்கணக்கான மனிதர்களின் மரபணுத் தொகுதியை யந்திரங்கள் படிக்கின்றன. தெரிந்திருப்பது, மது முறிக்கும் நொதிகளின் மரபணுக்களை விட்டால் தனியாக நின்று பேசத்தக்கது அநேகமாக ஏதுமில்லை என்பதும், நூற்றுக்கணக்கானவை ஒவ்வொன்றும் அணுவளவு தள்ளிவிடுகின்றன என்பதுமே. பரிசோதனைச் சாலையில் ஒரு துளி எச்சில் கொடுத்து 'நான் குடிகாரனாவேனா' என்று அறிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டதாக விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காமலிருப்பது உத்தமம்.

வீட்டின் பங்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். அது மரபணுவுக்கு எதிர்க்கட்சியாக நிற்பதைவிட, மரபணுவைப் பேச விடுவதும் வாயடைப்பதுமான வேலையையே அதிகம் செய்வதாகத் தெரிகிறது. பின்லாந்தில் இளம் இரட்டையரை ஆராய்ந்தபோது, நகரங்களில் மரபின் செல்வாக்கு ஓங்கியும், ஒருவர் நடத்தையை ஒருவர் கவனிக்கும் கிராமங்களில் அது அடங்கியும் இருந்தது. ஆஸ்திரேலியப் பெண் இரட்டையரிடம், மணமாகாதவர்களின் குடியில் மரபு பெரிதாகவும், மணமானவர்களிடம் சிறிதாகவும் பேசிற்று. முதல் கோப்பை எந்த வயதில் கைக்கு வருகிறது என்பதும் அற்ப விஷயமன்று: அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கில், பதினைந்து வயது நிரம்புமுன் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வாழ்நாளில் என்றேனும் அடிமைப்பட்டிருந்தார்கள், இருபதுக்குப் பின் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பத்துப் பேர். சீக்கிரம் தொடங்குவதே அந்தச் சுபாவத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், இதில் காரணம் எது, காரியம் எது என்பதை முற்றும் பிரித்துவிட முடியாது. ஆயினும் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் 'ஒரு வாய் குடித்துப் பாரடா' என்று அண்ணன்மாரும் மாமன்மாரும் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் நீட்டுகிற விளையாட்டு, அவன் தந்தை குடிநோயாளியாயிருக்கும் பட்சத்தில், விளையாட்டன்று.

ஷக்கிட் இளைஞராயிருந்தவர்களை அளந்ததோடு நின்றுவிடவில்லை. அவ்விளைஞர்கள் தகப்பன்மாராகி, அவர்கள் பிள்ளைகளும் வளர்ந்தபோது அப்பிள்ளைகளையும் சோதித்தார். சென்ற பத்தாண்டில், தம் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவர்களிடம் அவர் ஒரு காரியம் செய்து பார்த்தார். மது எளிதில் உறைக்காதவர்கள் யார் என்று கேள்விகளைக் கொண்டு தெரிந்துகொண்டு, ஒரு சாராருக்கு வழக்கமான எச்சரிக்கைப் படங்களையும், மற்றொரு சாராருக்கு 'உறைக்காமலிருப்பதே உனக்குள்ள அபாயம். நண்பனுக்கு ஈடாகக் குடித்து உன் அளவை நிர்ணயிக்காதே' என்று குறிப்பாக விளக்கும் படங்களையும் சில வாரங்கள் காட்டச் செய்தார். உறைக்காத மாணவர்களுள், பின்னதைப் பார்த்தவர்களே குடியை அதிகமாகக் குறைத்துக்கொண்டார்கள்.